பாரிஸில் ஒரு பகல் விருந்து



பாரிஸ் மாநகரம் என்றவுடன் உங்கள் நினைவில் எழுவது ஈஃபில் கோபுரமாக இருக்கலாம். ஆனால் அந்நகரத்தின் குடிமக்களிடம், "உங்கள் ஊரின் உயிர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் தத்தம் தெருமுனையில் இருக்கும் சிறிய உணவகத்தைத்தான் சுட்டிக் காட்டுவார்கள். அதற்குப் 'பிஸ்ட்ரோ' என்று பெயர். பத்துப் பன்னிரண்டு மேசைகள், கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிய அன்றைய உணவு, வருபவரைப் பெயர் சொல்லி வரவேற்கும் உரிமையாளர் - இவ்வளவே ஒரு பிஸ்ட்ரோவின் இலக்கணம்.

இப்பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. 1814ஆம் ஆண்டு நெப்போலியனை வென்று பாரிஸுக்குள் நுழைந்த ரஷ்யப் படைவீரர்கள், மோன்மார்த்ர் குன்றின் உணவுக் கடைகளில் அமர்ந்து, 'விரைவாகக் கொண்டு வா' என்னும் பொருளில் 'பீஸ்த்ரா' என்று கூவினார்களாம். கதை சுவையானதுதான். ஆயினும் இச்சொல் அச்சில் காணப்படுவது 1880களில்தான் என்பதால், மொழியறிஞர்கள் இதனை ஏற்பதில்லை. கல்லூரியில் வரலாறு பயின்றவன் என்ற முறையில் எனக்கு இதைவிட உண்மையான மற்றொரு வரலாறு பிடித்தமானது. பிரான்சின் நடுப்பகுதியில் ஓவேர்ன் என்னும் மலைநாடு உள்ளது. அங்கிருந்து பிழைப்புத் தேடிப் பாரிஸுக்கு வந்த ஏழை மக்கள் முதலில் வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். பிறகு விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஓரத்திலேயே பானமும் எளிய உணவும் விற்கத் தொடங்கினார்கள். பாரிஸின் பிஸ்ட்ரோக்களில் பல அந்தக் கரிக்கடைகளின் வழித்தோன்றல்களே. ஊரைவிட்டு வந்தவர்கள் உண்டாக்கிய கடைகள் அவை. பிற்காலத்தில் அவற்றுள் பலவற்றை அல்ஜீரியாவின் கபீல் மலைநாட்டிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் வாங்கி நடத்தின என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இத்தகைய கடைகள் அருகி வருகின்றன. 1960ஆம் ஆண்டளவில் பிரான்சு முழுவதும் ஏறத்தாழ 2 இலட்சம் காப்பிக் கடைகளும் பிஸ்ட்ரோக்களும் இருந்தன. இன்று அவை 40 ஆயிரத்திற்கும் குறைவு என்கிறார்கள். விரைவு உணவுக் கடைகளும், ஏறிவிட்ட வாடகையும், வீட்டுத் தொலைக்காட்சியும் அவற்றைத் தின்றுவிட்டன.

வாசகர்களே! இவ்விடத்தில் உங்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். 'மது விற்கும் கடையில் மத்ரஸா ஆசிரியருக்கு என்ன வேலை?' என்பதே அது. நியாயமான கேள்வி. மது அருந்தப்படும் பந்தியில் அமர்வதை மார்க்கம் தடுக்கிறது. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. நாங்கள் அமர்ந்த மேசையில் மது இருக்கவில்லை. அது ஏன் இருக்கவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

காரைக்காலைச் சேர்ந்த என் கல்லூரி நண்பர் ஒருவர் பாரிஸின் கிழக்குப் பகுதியில், இருபதாம் வட்டாரத்தில் குடியிருக்கிறார். புதுச்சேரியும் காரைக்காலும் 1954இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டன. ஒப்பந்தம் 1962இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அங்கிருந்தோருள் ஒரு சாரார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டனர். நண்பரின் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். ஒரு பனிக்கால விடுமுறையில் நான் அந்த வீட்டில் விருந்தினனாகத் தங்கியிருந்தேன்.

நண்பர் வீட்டிற்குக் கீழ்த்தளத்தில் தனியாக வாழும் ஒரு முதியவர் இருக்கிறார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். 2020 மார்ச்சில் பிரான்சு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, அம்முதியவருக்கு ரொட்டியும் மருந்தும் வாங்கிக் கொடுத்தவர்கள் நண்பரின் பிள்ளைகள். அதை அவர் மறக்கவில்லை. நான் வந்திருப்பதை அறிந்ததும் மேலே வந்து கதவைத் தட்டினார். "இந்தியாவிலிருந்து வந்த உங்கள் ஆசிரியருக்கு என் பிஸ்ட்ரோவில் ஒரு பகல் உணவு கொடுக்க வேண்டும்" என்றார். என் தயக்கத்தை நண்பர் மொழிபெயர்த்தார். முதியவர் சற்றே யோசித்தார். "எனக்குத் தெரியாதா? அன்று என் மேசையில் தண்ணீர் மட்டும்தான்" என்றார். எழுபது வயதைக் கடந்த ஒரு பிரெஞ்சுக்காரர் பகல் உணவோடு அருந்தும் ஒரு குவளையை நமக்காக ஒதுக்கி வைப்பதென்றால், அது சிறிய விட்டுக்கொடுப்பு அன்று. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நான், அந்த அழைப்பை மறுப்பதற்குரிய காரணம் எதையும் காணவில்லை.

லுஹர் தொழுதுவிட்டு ஒரு மணியளவில் இறங்கினோம். கடை சிறியது. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். உள்ளே சமையற்கட்டின் வெம்மை. சாளரங்களில் பாதி உயரத்திற்குத் திரை. மேசைகளில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட விரிப்பு. சுவரோரமாக நீண்ட மெத்தை இருக்கை, பல்லாண்டு அமர்ந்து அமர்ந்து பளபளப்பேறியிருந்தது. உள்ளே வருவோர் ஒவ்வொருவரும் முதலில் 'போன்ஜூர்' என்று பொதுவாக முகமன் கூறிய பிறகே கோட்டைக் கழற்றினார்கள். முகமன் கூறாமல் ஒன்றைக் கேட்பது அங்கே பெரும் பண்புக் குறைவு. ஸலாமுக்குப் பிறகே பேச்சு என்று வளர்ந்த நமக்கு இது புதியதன்று.

உரிமையாளரான அம்மையார் கரும்பலகையைத் தூக்கி வந்து எங்கள் முன் நிறுத்தினார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 'கோக் ஓ வேன்' என்பது சேவல் கறி. பெயரிலேயே மது இருக்கிறது. அதற்கு அடுத்தது கடல் மட்டி. ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த நண்பருக்கு அது ஆகும். ஹனஃபியான எனக்கு ஆகாது. ஆனால் அதை வெள்ளை மதுவில்தான் அவிப்பார்கள் என்று தெரிந்ததும் இரண்டு மத்ஹபுகளும் ஒன்றாகிவிட்டன! மூன்றாவதாக நாக்கு மீன். மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து எலுமிச்சை பிழிவது. 'மூனியேர்' என்பார்கள், மாவு அரைப்பவரின் மனைவி என்று பொருள். "இதில் மது ஏதும் சேருமா? பன்றிக் கொழுப்புப் பட்ட சட்டியா?" என்று நண்பர் கேட்டார். அம்மையார் முகம் சுளிக்கவில்லை. "எனக்கு உறுதியாகத் தெரியாது; சமைப்பவரையே அழைக்கிறேன்" என்றார். தெரியாததை 'இல்லை' என்று சொல்லிவிடாத அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

சமையற்கட்டிலிருந்து வந்தவர் வெள்ளை மேலங்கியில் கைகளைத் துடைத்தவாறு எங்களைப் பார்த்தார். நானும் நண்பரும் பேசிக்கொண்டிருந்த தமிழ் அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஐயா, தமிழோ? அந்தச் சேவல் கறிக்கு வைன் விட்டிருக்கு. பன்றி இறைச்சியும் போட்டிருக்கு, எடுக்காதேங்கோ. மீனைச் சொல்லுங்கோ. அதுக்கு வெண்ணெயும் தேசிக்காய்ப் புளியும்தான். சட்டியும் வேற சட்டி வைச்சுச் செய்து தாறன்" என்றார்.

யாழ்ப்பாணத்துத் தமிழ்! பிரெஞ்சு உணவின் உள்ளிரகசியத்தை எனக்கு விளக்கிச் சொன்னது என் தாய்மொழி. வாசகர்களே, இதைத் தற்செயல் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். போரினால் ஈழத்தைவிட்டு வெளியேறிய தமிழர்கள் பலர், பாரிஸ் உணவகங்களில் தட்டுக் கழுவத் தொடங்கி, காய்கறி நறுக்கி, அடுப்பங்கரைவரை உயர்ந்திருக்கிறார்கள். அந்நகரத்தின் மிகச் சிறந்த பகெட் ரொட்டிக்கான பரிசை 2023இல் வென்றவர், இதே இருபதாம் வட்டாரத்தில் ரொட்டிக்கடை நடத்தும், இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி வழங்கும் பெருமையும் அப்பரிசைச் சார்ந்தது. ஒரு காலத்தில் ஓவேர்ன் மலையிலிருந்து கரி சுமந்து வந்தவர்களின் வரிசையில் இன்று நம் மொழி பேசுவோரும் நிற்கிறார்கள்.

முதலில் ரொட்டி வந்தது. அதற்குத் தட்டுக் கிடையாது. கூடையிலிருந்து எடுத்து மேசை விரிப்பின் மீதே வைத்துக் கொள்கிறார்கள். அதைத் தலைகீழாக வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று பழைய மக்கள் எண்ணுவார்களாம். முதியவர் என் துண்டைத் தாமே நேராகத் திருப்பி வைத்தார்! ரொட்டியின் துணுக்கு தரையில் விழுந்தால் எடுத்து ஓரமாக வைக்கும் நம் வீட்டுப் பாட்டிமார்கள் நினைவுக்கு வந்தார்கள். 'மரபு ரொட்டி' என்ற பெயரில் விற்கப்படுவது மாவு, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் ஈஸ்ட் அல்லது புளித்த மாவு ஆகியவற்றாலேயே ஆக வேண்டும். வேதிப்பொருள் சேர்க்கலாகாது என்று 1993இல் அங்கே ஆணை பிறப்பித்திருக்கிறார்கள். ஆகவே அது பற்றி நமக்கு ஐயம் எழவில்லை.

தொடக்க உணவாக எனக்கு வேகவைத்த லீக்ஸ் தண்டின் மீது காடி ஊற்றி வந்தது. நண்பர் அதை ஒதுக்கிவிட்டு உருளைக்கிழங்கு சூப்பை எடுத்துக்கொண்டார். மதுவானது தானாகவே காடியாக மாறினால் இரு மத்ஹபிலும் கூடும். பிற பொருள் சேர்த்து மாற்றப்பட்டிருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. அதனால் அவர் பேணுதலைக் கைக்கொண்டார். "ஒரே மதத்தார், இரண்டு தட்டா?" என்று முதியவர் வியந்தார். நண்பர் விளக்கினார். "எங்கள் ஊரில் பாலாடைக் கட்டி பற்றி இதைவிடப் பெரிய சண்டை நடக்கும்" என்று அவர் சிரித்தார்.

மீன் வந்தது. பொன்னிறத் தோலில் வெண்ணெய் நுரைத்துக்கொண்டிருந்தது. நம் கடலோர ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பார்கள். இங்கே தட்டுகள் வேறுவேறு; ஆனால் நேரம் பொதுவானது. ஒருவர் முடிக்கும்வரை மற்றவருக்கு அடுத்த உணவு வருவதில்லை. யாரும் எங்களை எழுந்துபோகச் சொல்லவில்லை. தட்டில் எஞ்சிய வெண்ணெயை முதியவர் ரொட்டியால் துடைத்து உண்டார். அவர் முன் இருந்தது தண்ணீர்க் குடுவை ஒன்றுதான். பக்கத்து மேசைக்காரர் வியப்போடு ஏதோ கேட்க, முதியவர், "இன்று எனக்கு விருந்தினர்" என்று மட்டும் விடை கூறினார்.

பேச்சு 2015க்குத் திரும்பியது. அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள் இரவு, பக்கத்து வட்டாரங்களில் இத்தகைய உணவகங்களின் வெளிமேசைகளில் அமர்ந்திருந்தோரையும், இசையரங்கில் இருந்தோரையும் கொலைகாரர்கள் சுட்டுத் தள்ளினார்கள். அன்றைய தாக்குதல்களில் 130 பேர் உயிரிழந்தனர். இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள். மாண்டவர்களுள் முஸ்லிம்களும் இருந்தார்கள். அதன்பின் சில நாட்கள் நண்பர் கடைத்தெருவுக்குச் செல்லவே கூசினாராம். மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. முதியவர் நின்றிருந்தார். "காப்பி குடிக்கப் போகிறேன். தனியாகப் போக மனமில்லை. வருகிறீர்களா?" என்றாராம். இருவரும் இதே கடையின் வெளிமேசையில், தெருவைப் பார்த்தவாறு அமர்ந்தார்களாம். இதைச் சொல்லிவிட்டு நண்பர் மீன் முள்ளை ஒதுக்குவதில் கவனமானார். முதியவர் ஒன்றும் சொல்லவில்லை.

இறுதியாக 'கிரேம் கரமேல்' வந்தது. முட்டை, பால், சர்க்கரை. மேலே கருகிய சர்க்கரைப் பாகு. "நம் வட்டலாப்பத்தின் பிரெஞ்சு மச்சான்" என்றார் நண்பர். அஸருக்கு நேரம் நெருங்கியபோதுதான் எழுந்தோம். அல்ஹம்துலில்லாஹ்!

பிரான்சுக்குச் செல்லும் வாய்ப்புள்ள சகோதர சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்: பகல் உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரைதான், பிறகு அடுப்பு அணைந்துவிடும். குழாய்த் தண்ணீர்க் குடுவை கேட்டால் இலவசமாகத் தருவது சட்டம். பரிமாறும் கூலி விலையிலேயே அடங்கியது. இறைச்சியைவிட மீனே பாதுகாப்பானது. எனினும் குழம்பைப் பற்றியும் சட்டியைப் பற்றியும் கேட்கத் தயங்காதீர்கள். ஐயத்திற்கே இடமின்றி உண்ண விரும்புவோருக்கு, மதுவும் பன்றியுமின்றிப் பிரெஞ்சு உணவு சமைக்கும் ஹலால் உணவகங்களும் இன்று பாரிஸில் உள்ளன. 1926இல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசலை ஒட்டி ஓர் உணவகமும் இருக்கிறது.

ஹலாலைப் பேணுவதால் மனிதர்களிடமிருந்து விலக நேரும் என்று நம்மில் சிலர் அஞ்சுகிறார்கள். விலகுவதே பேணுதல் என்று வேறு சிலர் எண்ணுகிறார்கள். பணிவோடு கேட்ட ஒரு கேள்விக்கு அந்தச் சிறு கடையில் மூவர் பதில் அளித்தார்கள்: உரிமையாளர் உண்மையால், சமையற்காரர் தனிச் சட்டியால், முதியவர் தாம் ஒதுக்கி வைத்த குவளையால்.

இனி நம் பக்கம் பார்ப்போம். நம் இல்லத் திருமணங்களுக்குச் சைவ உணவு மட்டுமே உண்ணும் அண்டை வீட்டார் வருகிறார்கள். பிரியாணிக் கரண்டியை அப்படியே சாம்பாருக்குள் விடாமல், அவர்கள் கேட்கும் முன்பே அவர்களுக்கென்று தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் நம்மில் எத்தனை வீடுகளில் வைக்கப்படுகின்றன? வைக்கும் வீடுகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக! மற்றவர்கள் அடுத்த விருந்திலிருந்தாவது தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.