நாம் இரசித்தவை

ஆசிரியர் ஓய்வறையில் இளம் நண்பரொருவர் அண்மையில் எம்மிடம் ஒரு வினா விடுத்தார். "ஐயா, இந்த நாட்களில் நீங்கள் உண்மையாகவே இரசித்தவை எவை? பயனுள்ளவை எவை என்று கேட்கவில்லை, இரசித்தவை எவை?" வினாவின் பிற்பகுதி எம்மைச் சிறிது சுட்டது. நூலொன்றைக் கையிலெடுத்ததும் அதன் வர்க்கச் சார்பு யாதெனத் தீர்ப்பெழுதிவிட்டு, அதன் பின்னரே முதலாம் பக்கத்தைப் புரட்டும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. எம்மிடமும் உண்டு. எனவே இம்முறை தீர்ப்பைச் சற்று ஒத்திவைத்து விடை கூற முனைகின்றோம்.

முதலாவது, லெனாட் வூல்ஃப் 1913 இல் வெளியிட்ட நாவல். காட்டினுள் ஒரு கிராமம் என்பது அதன் தலைப்பின் பொருள். மாணவப் பருவத்தில் இதனை வெள்ளைத்துரை ஒருவரின் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கியவர்கள் நாம். 1904 இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்தில் முதற் பதவி வகித்த வூல்ஃப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தார். 1912 இல் பதவி துறந்தார். சேனைப் பயிரையும் வேட்டையையும் நம்பிய ஒரு குக்கிராமம், கிராமத் தலைவனுக்கும் கடன் கொடுப்பவனுக்கும் இடையே நசுங்கிக் காட்டுக்கே இரையாகும் கதை அது. பபுன் என்னும் அப்பாவி மீது பொய்க் களவு வழக்குத் தொடரப்படும் அத்தியாயத்தை இருமுறை வாசித்தோம். நீதிபதி கொடியவரல்லர். ஏதோ பிசகென்று அவருக்குத் தோன்றவுஞ் செய்கிறது. ஆயினும் சாட்சியம் ஒழுங்காயிருக்கின்றது, சட்டம் ஒழுங்காயிருக்கின்றது, பபுன் சிறை செல்கிறான். தனக்கு நடப்பது யாதென்றே அவனுக்கு விளங்கவில்லை. தன் மொழியில் இல்லாத அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் வாசலில் நின்றறிந்த எவருக்கும் அந்தப் பக்கங்கள் அந்நியமாகா. அந்த நீதிபதியின் ஆசனத்தில் தாமே இருந்த ஒருவர், அங்கிருந்து தெரியாதவற்றை எழுதியிருக்கிறார். ஒதுக்கிய குற்றம் எம்முடையதே.

இதனை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980 இல் 'பெத்தேகம' எனத் திரைப்படமாக்கினார். ஜோ அபேவிக்கிரம வேடன் சிலிந்துவாகத் தோன்றினார். வூல்ஃபாக நடித்தவர், விஞ்ஞானக் கதைகளால் உலகறிந்த ஆதர் சி. கிளாக். படம் நன்றே. எனினும் நாவலில் அச்சமூட்டும் காடு திரையில் அழகாகிவிட்டது. அது எமக்கு உவப்பாயில்லை.

அடுத்ததைக் கூறச் சிறிது தயங்குகின்றோம். அது ஒரு தொலைக்காட்சித் தொடர். அதுவும் மாலைவேளைகளில் அடுப்படி வேலையை நிறுத்திவைத்த தொடர். யப்பானின் தேசிய ஒளிபரப்பு நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை, பதினைந்து நிமிடம் கொண்ட 297 பகுதிகளாக வழங்கிய 'ஒஷின்'. எழுதியவர் சுகாகோ ஹஷிதா. பின்னர் நம் நாட்டிலும் அது ஒளிபரப்பாயிற்று. அண்மையில் கணினித் திரையில் அதனை மீண்டும் பார்க்கத் தொடங்கினோம்.

யமகத்தா மாவட்டத்துக் குத்தகை விவசாயியின் மகள் ஒஷின். ஏழு வயதில், ஒரு மூட்டை அரிசிக்காக, பிறர் வீட்டுக் குழந்தையைச் சுமக்க அனுப்பப்படுகிறாள். மொகாமி ஆற்றில் தெப்பம் நகர்கிறது. கரையில் தாய் நிற்கிறாள். களவுப் பழி சுமத்தப்பட்டுப் பனியில் ஓடிய அவளைக் காப்பாற்றுபவன், போரை வெறுத்துப் படையிலிருந்து தப்பியோடிய ஒருவன். அவனே அவளுக்கு எழுத்தறிவிக்கின்றான். ஆசிரியர் தொழிலில் இருப்போர் இப்பகுதியைப் பார்த்தல் வேண்டும்.

இத்தொடரை நாம் முதன்முதலிற் பார்த்தபொழுது எம் இல்லத்தில் ஒரு சிறுமி இருந்தாள். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து தரகர் ஒருவர் அழைத்து வந்தவள். பத்து வயதிருக்கலாம். நாம் கதிரைகளில் இருப்போம். அவள் அடுப்படி வாசற்படியில் குந்தியிருப்பாள். தெப்பம் நகர்ந்த அன்று எம் அன்னையார் கண்களைத் துடைத்துக் கொண்டார். நாமும் கலங்கினோம். சிறுமி அழவில்லை. "சின்னையா, அந்தப் புள்ளைக்கு எவ்வளவு அரிசி குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒரு மூட்டை என்றோம். சிறிது நேரம் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். பின்னர் பால்ச்சட்டி கழுவ எழுந்து போனாள். அக்காலத்தில் நாம் வாசிகசாலைக் கூட்டங்களில் தோட்டத் தொழிலாளர் துயர் பற்றி உரையாற்றி வந்தோம் என்பதையும் இங்கே கூறிவிடுதல் தகும். அவளுக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் எம் அன்னையாரின் பெயராகவும் இருந்தமையால், வேறொரு பெயரால் அவளை அழைத்து வந்தோம். அவளது சொந்தப் பெயரை வைத்து அவளை ஒரு நாளேனும் எவரும் கூப்பிட்டதாக நினைவில்லை. அடுத்த தைப்பொங்கலுக்கு ஊர் சென்றவள் திரும்பவில்லை. வேறு ஆள் பார்த்தார்கள்.

தொடரின் பிற்பகுதி முற்பகுதியளவு எமக்குப் பிடிக்கவில்லை. பொறுமையும் உழைப்பும் இருந்தால் வறுமை விலகும் என்ற போதனை ஆங்காங்கே தலைகாட்டுகின்றது. முதலாளிமார் இதனைத் தம் ஊழியருக்குக் காட்டினாலும் வியப்பில்லை. ஆயினும் ஹஷிதா அத்துணை எளிதில் அகப்படுபவரல்லர். கதை தொடங்குவதே, முதுமையெய்திய ஒஷின், தன் குடும்பத்தின் பதினேழாவது பேரங்காடி திறக்கப்படும் நாளில் எவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுச் செல்வதிலிருந்துதான். எந்த இடத்தில் வழி தவறினோம் என்று தேடிக்கொண்டு அவள் பிறந்த ஊருக்குப் போகிறாள்.

நண்பருக்கு இவ்வளவையும் கூறினோம். ஒஷினைத் தம் வகுப்பு மாணவருக்குக் காட்டலாமா என அவர் கேட்டார். காட்டலாம், முதல் முப்பது பகுதிகளாயினும் காட்டுங்கள் என்றோம். எமக்கு இன்னும் நாற்பது பகுதிகள் மீதமுள்ளன.