ஆயாவின் அரிக்கேன் விளக்கு

பழவேற்காடு என்றதும் நம் மாணவியருக்குப் பூநாரைகளும் இறாலும் நினைவுக்கு வரும். எனக்கோ அங்குள்ள டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தின் வாசல்தான் முதலில் நினைவுக்கு வரும். வாசலின் இருபுறமும் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கும். 17-ஆம் நூற்றாண்டில் துணி வாணிபம் செய்ய வந்து, ஊர் திரும்பாமலே போனவர்கள் உள்ளே உறங்குகிறார்கள். சிறு வயதில் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி அவ்வழியே நடப்பேன். "அவுங்க உன்ன இன்னா கண்ணு பண்ணப் போறாங்க? நாமளும் ஒரு நாளு அப்டித்தான்" என்று சொல்லிவிட்டு, ஆயா இறால் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

ஆயாவுக்கு மாதாகுப்பம். ஏரியில் இறால் பிடிக்கும் இடத்தை அங்கே 'பாடு' என்பார்கள். குப்பத்தார் முறை வைத்துக்கொண்டுதான் அங்கே வலை கட்டுவார்கள். தன் முறை வரும் நாளில் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால் அந்த நாள் போனது போனதுதான். அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அதனாலோ என்னவோ ஆயாவின் வாயில் வந்ததே இல்லை.

பொழுது சாய்ந்ததும் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார். வீட்டுக்கு மின்சாரம் வந்த பிறகும் இது நின்றபாடில்லை. பிறகு, கைமாற்றாக வாங்கிய உப்போ புளியோ திரும்பிப் போய்விடும். குழாயடியில் யாருடனாவது வாய்ச்சண்டை நடந்திருந்தால், ஒரு கிண்ணம் மீன் குழம்போடு அவர்கள் வாசலில் போய் நிற்பார். (குழம்பைக் கொடுத்துவிட்டு அங்கேயே மறுபடி சண்டை போட்டதும் உண்டு.) இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை. முடிவில் நன்மரணத்துக்காகச் சூசையப்பரை நோக்கி ஒரு செபம். அருள் நிறை மந்திரத்தின் கடைசியில் நாம் இரண்டு வேளைகளைத்தான் குறிப்பிடுகிறோம், கவனித்திருக்கிறீர்களா? ஒன்று இந்த நேரம், மற்றது சாகும் நேரம். இடையில் இருக்கும் வருடங்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆயா ஒரு நாளைக்கு ஐம்பத்து மூன்று முறை அதைச் சொன்னவர்.

2011-ஆம் ஆண்டு கிறிஸ்மசுக்கு ஆயா வீட்டில் இருந்தோம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. என்னைக் கேட்காமல் என் புதுப் பாவாடையை உடுத்திக்கொண்டு தங்கை நள்ளிரவுப் பூசைக்கு வந்துவிட்டாள். மகிமை மாதா கோவிலில் குழந்தை இயேசுவை முத்தி செய்யும்போதுகூட நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் பேசவும் இல்லை.

அன்றுதான் அந்தப் படகு கவிழ்ந்தது. விடுமுறை நாளை மகிழ்ச்சியாகக் கழிக்க வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் அதில் இருந்தன. 22 பேர் மாண்டார்கள். செய்தி கேட்டதும் மாமா உண்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினார். ஆயா பெட்டியைத் திறந்து, எங்களுக்காக வைத்திருந்த புதுப் போர்வைகளை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். போர்த்துவதற்கு என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. காலையில் அவர்களும் நம்மைப்போல் யார் முன்னால் உட்காருவது, யாருக்கு எந்தச் சட்டை என்று சண்டை போட்டுத்தானே கிளம்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் டிசம்பர் 26. 2004-இல் ஆழிப்பேரலை வந்த நாள். அந்தக் கரையோரத்தில் கிறிஸ்மசுக்கு மறுநாள் யாரும் உரக்கச் சிரிப்பதில்லை.

இரவு ஆயா ஒன்றும் சொல்லவில்லை. தங்கையின் பாயை இழுத்து என் பாயோடு சேர்த்துப் போட்டார், அவ்வளவுதான். மாணவியரே, உண்மையைச் சொல்கிறேன்: அப்போதும் நான் பேசவில்லை. தூங்குவதுபோல் கிடந்தேன். அவள் விசும்புவது கேட்டது. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். காலை வந்தது, அவளும் இருந்தாள். அது என் சாமர்த்தியம் அல்ல.

ஒவ்வொரு நாளையும் கடைசி நாளாக வாழ வேண்டும் என்று தியானப் பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம் எனக்கு முன்பு பயம்தான் வரும். கடைசி நாள் என்றால் பரீட்சைக்கு ஏன் படிக்க வேண்டும் என்று குறும்பாகவும் தோன்றும். பத்துக் கன்னியர் உவமையை ஒரு நாள் வகுப்பில் நடத்தும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். விவேகமுள்ள ஐந்து பேரும் தூங்கத்தான் செய்தார்கள்! மணமகன் எப்போது வருவாரோ என்று நடுங்கிக்கொண்டு அவர்கள் விழித்திருக்கவில்லை. எண்ணெய் இருந்தது, கண்ணயர்ந்தார்கள். ஆயாவும் படுத்த உடனே குறட்டை விடுகிறவர்தான்.

2019-இல் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, தூக்கத்திலேயே ஆயா இறந்தார். அடக்கம் முடிந்து வந்தபின் யாருக்காவது கடன் பாக்கி உண்டா என்று மாமா அக்கம்பக்கம் விசாரித்தார். ஒருவருக்கும் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் மட்டும் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதார். அது எங்கள் வீட்டுக் கிண்ணம். விளக்கில் எண்ணெய் நிறைந்திருந்தது.

அந்த அரிக்கேன் விளக்கு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மணி பத்தேகால். அம்மாவை யார் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது என்று நேற்றுத் தங்கையிடம் கடுமையாகப் பேசி, தொலைபேசியை வைத்துவிட்டேன். அவள் பிள்ளைகளைத் தூங்க வைத்திருப்பாள். இன்னும் விழித்துத்தான் இருப்பாள். ஆண்டு மலருக்கு நாளைக் காலைக்குள் கட்டுரை வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள். மீதியை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவளைக் கூப்பிடுகிறேன்.