மூன்றாம் இலக்கம்

டிசம்பர் 27, கிரான்

இரவு முழுக்க மழை. விடிந்ததும் புலிபாய்ந்தகல் வீதிக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். உழவு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கரையில், முறுத்தானை வட்டையில் என் பயிர் பசளைக்குக் காத்து நிற்கிறது. அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தால் கைபேசியில் மருமகன். சுவிஸில் ஒரு மலைக்கிராமத்து ஹோட்டல் குசினியில் வேலை. கூட வேலைசெய்யும் பொடியன்கள் ஞாயிற்றுக்கிழமை பனிச்சறுக்குக்குக் கூப்பிடுகிறார்களாம். கம்பிவண்டி போகாத, ஆள் மிதிக்காத சரிவுக்கு. "மாமா, இண்டைக்கு இலக்கம் மூண்டுதான். அஞ்சு எண்டாத்தானே பயம்?"

டிசம்பர் 28

அந்த இலக்கத்தைப் பற்றித் தேடி வாசித்தேன். டாவோஸில் பனிக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு எச்சரிக்கை விடுவார்கள்: 1 குறைவு, 5 மிக அதிகம். ஐந்துக்கு மூன்று எடுத்த பிள்ளையைப் பாஸ் போட்டே பழகியவன் நான். ஆனால் அங்கே பனிச்சரிவில் சாகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சாவது இந்த 3-ஆம் இலக்க நாட்களில்தான். ஐந்து என்றால் வீதியையே மூடிவிடுவார்கள், 1999 பெப்ரவரியில் நடந்த மாதிரி. மூன்றில் வானம் வெளித்திருக்கும், வெயில் அடிக்கும், புதுப்பனி வா வா என்னும்.

டிசம்பர் 29

மருமகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அவனுடைய கூட்டாளி சரிவில் குழி தோண்டி, பனியை ஓரடி அகலத் தூணாக வெட்டி, மேலே மண்வெட்டித் தகட்டை வைத்துத் தட்டுகிறான். மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து என்று கணக்காம். தோள்வரை போகவே இல்லை. பதின்மூன்றாவது தட்டில் மேல்பாதி அப்படியே வழுக்கி விழுந்தது. அடியிலிருந்ததை அள்ளிக் காட்டினான். சீனி! பிடித்தால் உருண்டைக்கு வராது.

மாரி தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனி அது. குளிர்ந்த இரவுகளில் நிலத்துச் சூட்டில் எழும் ஆவி அதைப் பருமணியாக்கிவிடுகிறது. அதன்மேல் காற்று அடித்து இறுக்கிய புதுப்பனி பலகைபோல் கிடக்கும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓர் ஆள் பாரம் போதும், 'தொம்' என்று ஒரு சத்தம், பலகை உடைந்து ஓடும். சிக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர்மேல் விழுந்தது, அவர்களோ கூட வந்தவர்களோ மிதித்துக் கிளப்பியதுதானாம். புதைந்தவனைக் கால்மணி நேரத்துக்குள் கிண்டி எடுக்காவிட்டால் பிழைக்கிற வாய்ப்பு சடாரென்று இறங்கிவிடும்.

டிசம்பர் 30

2024 நவம்பர் 26 நினைவுக்கு வந்தது. காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில், மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அந்த வீதியிலும் 'போகலாம்' என்றுதான் நினைத்திருப்பார்கள். எங்களிடம் இரண்டே கணக்கு: வீதி ஓடுது, இல்லையென்றால் தோணி ஓடுது. நடுவிலிருப்பதற்கு இலக்கம் கிடையாது. மேலே சலனமில்லாத தண்ணீர், கீழே சரளையை அரித்துக்கொண்டு பாயும். கம்பால் குத்திப் பார்க்கிற தோணிக்காரனுக்குத்தான் அது தெரியும்.

இதைத்தான் மருமகனுக்கு எழுதினேன். இரவு பதில் வந்தது: "போகல்ல மாமா. குசினியில கிழங்கு உரிக்கிறன்."

இங்கே தண்ணீர் இன்றும் முழங்காலுக்குக் கீழே. பசளைப் பைகள் மூன்றும் விறாந்தையில்தான்.