சொல்லும் சான்றும்

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், ஒன்றினும் பெரிய எண் பகா எண் எனப்படும். 7, 31 போன்ற சிற்றெண்களைச் சிறிது வகுத்துப் பார்த்தே பகா எண்கள் எனத் தெளியலாம். முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை எங்ஙனம் தெளிவது?

பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென் 1644ஆம் ஆண்டில் ஒரு பட்டியலை வெளியிட்டார். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் எண்களுள், 257 வரையிலான அடுக்குகளில் பதினொன்று மட்டுமே பகா எண்களைத் தரும் என்றார். 67, 127, 257 ஆகிய அடுக்குகளும் அப்பட்டியலில் இருந்தன. அவர் சான்று தரவில்லை. அறிஞர்கள் அவர் பெயரையே சான்றாகக் கொண்டனர்.

அடுக்கு 127 தரும் எண்ணை ஒவ்வோர் எண்ணாக வகுத்துச் சோதிக்கப் புகுந்தால், விநாடிக்கு ஒன்று என முயன்றாலும் பல்லாயிரம் கோடி ஆண்டுகள் கழியும். 1876இல் பிரெஞ்சுக் கணித ஆசிரியர் எதுவார் லூக்கா வேறு வழி கண்டார். அதனை 1930இல் டி. எச். லேமர் எளிமையாக்கினார். 4இல் தொடங்குக. அதனை வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்க. அம்மீதியைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்க. அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் மீதி சுழியானால் அது பகா எண். இல்லையேல் பகு எண். எடுத்துக்காட்டாக, 31 என்பது இரண்டின் ஐந்தாம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்தது. 4 முதலில் 14 ஆகும். 14 என்பது 194 ஆகி, மீதி 8 தரும். 8 என்பது 62 ஆகி, மீதி சுழியாகும். மூன்றே படிகள்! 127க்கு நூற்றிருபத்தைந்து படிகள் போதும்.

அடுக்கு 127 தரும் எண் பகா எண்ணே என லூக்கா நிறுவினார். அடுக்கு 67 தருவது பகு எண் என்பதையும் அவரே காட்டினார். அதன் காரணிகள் மட்டும் புலப்படவில்லை. 1903இல் அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் அவற்றைக் கண்டு உரைத்தார்:

193707721 × 761838257287 = 147573952589676412927

அடுக்கு 257 தருவதும் பகு எண்ணே எனப் பின்னர்த் தெரிந்தது. 61, 89, 107 ஆகிய அடுக்குகளை மெர்சென் விட்டுவிட்டதும் வெளிப்பட்டது. அவற்றுள் 61ஐ 1883இல் நிறுவியவர் இவான் பெர்வூஷின் என்னும் ருசியக் கிராமப் பாதிரியார்.

127ஐக் குறித்து மெர்சென் கூறியது மெய்யே. எனினும், 67ஐக் குறித்தும் அவர் அதே உறுதியுடன்தான் கூறினார். இரண்டனுள் எது மெய், எது பிழை என்று பிரித்துக் காட்ட அவருடைய புகழால் இயலவில்லை. லூக்காவின் கணக்கால் இயன்றது. கையால் நிறுவப்பட்ட அந்த 39 இலக்க எண், 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், மனிதர் அறிந்த மிகப்பெரிய பகா எண்ணாக நிலைபெற்றது.