எண்பது எலும்புகள்

உடற்கூற்றியல் எனக்குரிய துறையன்று. ஆயினும் செம்மணிச் செய்திகளைத் தொடர்ந்து வாசித்தபோது, எலும்புகளைப் பற்றிச் சிறிதேனும் அறியாமல் அவற்றை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது என்று தோன்றிற்று. படிக்கத் தொடங்கினேன்.

வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 80 நடு அச்சைச் சேர்ந்தவை: மண்டையோட்டில் 22, காதுகளுக்குள் 6, நாவடியில் 1, முள்ளந்தண்டில் 26, விலா என்புகள் 24, மார்பென்பு 1. கைகால்களுக்குரிய ஏனைய 126 எலும்புகளும் இவற்றைப் பற்றியே தொங்குகின்றன. அதனாலேதான் இலங்கைப் பாடநூல்கள் முன்னதை அச்சு வன்கூடு என்றும் பின்னதைத் தூக்க வன்கூடு என்றும் அழைக்கின்றன.

ஒரே குழியில் பலரின் எலும்புகள் கலந்து கிடந்தால், எத்தனை பேர் என்று எப்படி எண்ணுவது? தொடையென்பு ஒருவருக்கு இரண்டு. கழுத்தின் உச்சியில் தலையைத் தாங்கும் அத்திலசு என்ற முள்ளென்போ ஒருவருக்கு ஒன்றுதான். மூன்று அத்திலசுகள் கிடைத்தால், அங்கே குறைந்தது மூன்று மனிதர்கள். செய்திகளில் நாம் ஓர் எண்ணாக எழுதிவிட்டுப் போவதன் பின்னால் இத்தகைய பொறுமையான கணக்கு இருக்கிறது.

முள்ளந்தண்டு வயதையும் உணர்த்தும். பிறக்கும்போது அதில் 33 முள்ளென்புகள். பின்னர் கீழே உள்ளவற்றில் ஐந்து இணைந்து திருவென்பாகவும் நான்கு இணைந்து குயிலலகாகவும் ஆவதால் 26 ஆகின்றன. குழந்தையின் முள்ளென்பு பெரும்பாலும் மூன்று துண்டுகளாகவே இருக்கும். அவை ஒன்றோடொன்று முற்றாக ஒட்டிக்கொள்ள ஏறத்தாழ ஆறு வயதாகும். பற்களோடு இவற்றையும் பார்த்தே சிறுபிள்ளையின் வயது கணிக்கப்படுகிறது.

செம்மணியில் 1999இல் 15 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025இல் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று நீலநிறப் புத்தகப்பையோடும் பொம்மையோடும் கிடந்தது. நான்கு அல்லது ஐந்து வயதுப் பிள்ளை என்றது சட்டவைத்திய அறிக்கை. துண்டுகள் ஒட்டி முடியாத வயது.

எலும்புகளைத் தமிழில் படிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியால் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூல் 1872இல் வெளிவந்தது. அவருடைய மாணவர்கள் உயிரோடிருந்தவர்களைக் குணப்படுத்தவே எலும்புகளின் பெயர்களை மனனம் செய்தார்கள். நாம் அதே மண்ணில், இறந்தவர்கள் யார் என்று அறிவதற்காக அப்பெயர்களைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

எலும்பு வயதைச் சொல்லும், உயரத்தைச் சொல்லும், சிலவேளை காயத்தையும் சொல்லும். பெயரைச் சொல்லாது. அதற்கு, காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாயொருத்தியின் இரத்தத் துளி வேண்டும். அந்தத் தாய்மார்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.