ஒரு பரப்புக் காணியும் சில கோழிகளும்

இங்கிலாந்தில் கவுன்சில்கள் குத்தகைக்கு விடுகிற அலொட்மென்ற் தோட்டத் துண்டுகளை இன்னமும் 'றொட்' என்கிற பழைய அளவில்தான் சொல்கிறார்கள். முழுத் துண்டு என்றால் 10 றொட். நான்கு வருடம் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்து, 2017 மாசியில் லண்டனின் வடமேற்கு ஓரத்தில் எங்களுக்கு ஒன்று கிடைத்தபோது அம்மா கேட்ட முதற் கேள்வி, "எத்தினை பரப்பு?" என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 10 றொட் என்றால் எங்கள் ஊர்க் கணக்கில் 10 பேர்ச். ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆக, சரியாக ஒரு பரப்பு. அம்மாவுக்கு அது போதும். காணி கவுன்சிலுடையது, வருடா வருடம் குத்தகை கட்டவேண்டும், புல் மண்டினால் கடிதம் வரும் என்பதெல்லாம் அவவின் காதில் ஏறவில்லை.

எங்கள் வளவு செம்மண். மண்வெட்டியைப் போட்டால் பூவாய் உதிரும். லண்டன் மண்ணோ களி. மாரியில் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். யூலையில் விரல் போகிற அளவுக்கு வெடிக்கும். முதல் வருடம் போட்டது ஒன்றும் உருப்படவில்லை. இரண்டாம் வருடம் அம்மா குழை தாழ்க்கவேண்டும் என்றா. பூவரசங் குழைக்கு இங்கே எங்கே போவது? வேலியோரம் காஞ்சோண்டி மாதிரிச் சுணைக்கிற செடிதான் கிடந்தது. கையுறை போட்டுக்கொண்டு அதை வெட்டி, கிடங்கு கிண்டித் தாட்டோம். மண் கொஞ்சம் இளகியது.

பங்குனியில் மிளகாயும் கத்தரியும் வீட்டு யன்னலோரத்தில் தயிர்க் கோப்பைகளில் முளைக்கும். வெளியே வெயிலைப் பார்த்து ஏமாந்து வைகாசிக்கு முன் கொண்டுபோய் நட்டால் ஒரே இரவு உறைபனியில் கருகிவிடும். 'பனி' என்றால் எங்களுக்கு மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கிற துளி. கன்றைக் கொல்லுகிற பனியை அம்மா இங்கேதான் கண்டா. பயித்தங்கொடி படர்ந்தது, காய்க்கவில்லை. அதற்கு இங்கத்தைச் சூடு காணாது. வெள்ளைக்காரர் தடி ஊன்றி வளர்க்கிற, சிவப்புப் பூப் பூக்கிற அவரையை அம்மா பயித்தங்காய் என்றே கூப்பிட்டுப் பால்கறி வைக்கத் தொடங்கினா. நாங்களும் பேசாமல் சாப்பிடுகிறோம்.

அடுத்த துண்டு ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு பெரியவருடையது. அவர் 'கலலூ' என்று ஒரு கீரையைப் பாத்தி நிறைய வளர்ப்பார். ஒருநாள் அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கடை கீரையெல்லோ!" என்றா. உண்மைதான். எங்கள் முளைக்கீரையின் இனம். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கடதாசியில் சுற்றி விதை இந்தப் பக்கம் வந்தது. ஒரு பூசணிக்காய் அந்தப் பக்கம் போனது. நாங்கள் இந்த நாட்டில் முப்பது வருடத்தில் சம்பாதித்த அயலட்டம் முழுவதையும்விட அம்மா இரண்டு கோடையில் சம்பாதித்தது கூட.

கீரை வந்தபின் அம்மாவுக்கு ஆடு வேண்டும் என்று வந்தது. ஆடு சட்டத்தில் இல்லை. 1950ஆம் ஆண்டின் அலொட்மென்ற் சட்டம் கோழியையும் முயலையும்தான் அனுமதிக்கிறது. அதுவும் வீட்டுத் தேவைக்கு, வியாபாரத்துக்கு அல்ல. கோழி என்றால் பேடு மட்டும். சேவல் கூடாது. சங்கத்தின் விதிக் கடதாசியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். "சேவல் இல்லாமல் கோழி வளக்கிறதோ? பிறகு விடியிறது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டா. 2019 சித்திரையில் ஆறு பேடு வாங்கினோம்.

அதற்குப் பிறகுதான் சோற்றுப் பிரச்சினை. இந்த நாட்டில் சமையலறைக் கழிவைக் கோழிக்குப் போடுவது சட்டப்படி குற்றம். 2001இல் ஆடு மாடு பன்றிகளிடையே கால்வாய் நோய் பரவியபின் இறுக்கிய சட்டம் அது. பாத்தியில் பிடுங்கிய கீரையை நேரே கூட்டுக்குள் எறியலாம். அதே கீரை ஒருதரம் எங்கள் குசினிக்குள் போய்வந்தால் எறியக்கூடாது. முழுக்க வீகன் வீடென்றால் மட்டும் விலக்கு உண்டு. "நாங்கள் வெள்ளிக்கிழமை சைவம்தானே," என்றா அம்மா. பால், தயிர், நெய் புழங்குகிற சைவம் அவர்களுடைய கணக்கில் சைவமில்லை என்று விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் முழுவதும் போனது. மிஞ்சிய சோற்றை வாளியில் கொட்டும்போது அவவின் முகத்தைப் பார்க்கமுடியாது. சட்டத்திலே நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பழஞ்சோற்றுக்கு ஓடிவராத கோழியை அம்மாவால் கோழி என்று நம்பமுடியவில்லை.

பறவைக் காய்ச்சல் வந்தது. 2020 மார்கழியிலிருந்து மூன்று மாரிகள் தொடர்ந்து கோழிகளை அடைத்து வைக்கச் சொன்னார்கள். 2021 கார்த்திகை 29 தொடக்கம் 2022 மே 2 வரை ஐந்து மாதம் வலைக்குள்ளேயே கிடந்தன. "இதுகளுக்கும் ஊரடங்கோ?" என்று அம்மா கேட்டா. அந்தச் சொல்லை எங்களில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இங்கே பிறந்த மகளுக்குத்தான் விளங்கப்படுத்தவேண்டியிருந்தது.

கோடையில் வேறு கரைச்சல். யூனில் ஒன்பதரை மணி வரைக்கும் வெளிச்சம். கோழி பொழுதுபட்டால்தான் அடையும். நரிக்கும் அது தெரியும். வேலையால் வந்து, சாப்பிட்டு, திரும்பச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு யாராவது ஒருவர் கூடு பூட்டப் போகவேண்டும். 2022இல் ஒரு நரி நிலத்தைக் கிண்டி உள்ளே போய் ஒன்றைக் கொண்டுபோனது. மிச்சம் ஐந்தும் மூலைக்குள் ஒடுங்கி நின்றன.

அன்றைக்குத்தான் அம்மா அந்தக் கதையை முழுவதும் சொன்னா. நாங்கள் 1991இலேயே வெளிக்கிட்டுவிட்டோம்; 1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் அங்கே இல்லை. வலிகாமத்துச் சனம் மழைக்குள்ளால் நாவற்குழிப் பக்கம் நடக்கத் தொடங்கியபோது அம்மா திரும்பக் கொல்லைக்குள் போனாவாம். ஆட்டை அவிழ்த்துவிட்டு, குட்டிகள் இரண்டையும் அவிழ்த்துவிட்டு, கோழிக்கூட்டைத் திறந்து, அதன் கதவு காற்றுக்குச் சாத்துப்படாமல் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தாவாம். கோழிகள் வெளியே வரவில்லை. இருட்டில் கோழி வராது. 1996 சித்திரையில் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கல்லு மட்டும் வைத்த இடத்திலேயே இருந்ததாம். அந்தக் கதை அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

2024 சித்திரையில் சிவப்புப் பேடு ஒன்று அடைக்குக் கிடந்தது. சேவல் இல்லாத கூட்டு முட்டை பொரிக்காது. எசெக்ஸ் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து ஒன்பது கரு முட்டை வாங்கிவந்தோம். பொரித்தால் சேவலும் வரும், அதை வைத்திருக்க ஏலாது என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னோம். "வரேக்கை பாப்பம்" என்றா. முட்டைகளின் கீழே வைக்கோலுக்குள் ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைத்தா. இடிக்கு முட்டை கூழாகாமல் இருக்கவாம். லண்டனில் சித்திரையில் இடி எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. 21ஆம் நாள் ஏழு பொரித்தது. 14 வயது மகள் பள்ளிக்கூட உடுப்போடு கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்தாள். அந்த ஏழுக்கும் பெயர் வைத்தாள். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட மறுத்துவிட்டா.

ஆடி முடியும்போது நான்கில் கொண்டை சிவந்தது. ஓகஸ்ட் நடுவில் ஒன்று கூவியது. சேவலும் இல்லை, குடிகாரனின் இருமலும் இல்லை, அப்படியொரு சத்தம். அம்மாவின் முகத்தை அன்று பார்த்திருக்கவேண்டும். அந்தக் கிழமையே சங்கத்திலிருந்து கடிதம்: 14 நாட்களுக்குள் அகற்றவும். பிழை சொல்வதற்கில்லை, விதி விதிதான்.

கென்ற் பக்கம் நிலமுள்ள ஒருவர் இரண்டை எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டுக்கும் இடம் கிடைக்கவில்லை. மகள் அழுதாள். விலங்குக் காப்பகங்களுக்கு அவளே தொலைபேசி எடுத்தாள். எல்லா இடமும் சேவலால் நிறைந்து கிடக்கிறது என்றார்கள். வாகனத்தில் ஏற்றிக் காட்டோரமாய் விட்டுவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குப் பின்னால் அம்மாவே செய்தா. 79 வயது. நாங்கள் காலைப் பிடித்தோம். கழுத்தில் ஒரே திருகு. துடிப்பு அடங்கும்வரை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தா. பெட்டி பெட்டியாய்க் கோழி வாங்கித் தின்கிற எங்களுக்குத்தான் கை நடுங்கியது. சுடுதண்ணீரில் முக்கி இறகு பிடுங்கும்போது, எங்களைப் பாராமல் சொன்னா: "விட்டிட்டு ஓடினாத்தான் பாவம். இது பாவமில்லை."

மகள் அன்றைக்குக் கறி தொடவில்லை. அம்மா வற்புறுத்தவுமில்லை, கோபிக்கவுமில்லை. வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டு முட்டைப் பொரியல் செய்து அவளுக்கு முன்னால் வைத்தா. "அம்மம்மா, இது ஆரின்ரை முட்டை?" என்று மகள் கேட்டாள். "சிவப்பியின்ரை," என்றா அம்மா. பெயர் வைப்பதில்லை என்று சொன்னவ.

புரட்டாதியில் இன்னொரு கடிதம். இங்கிலாந்தில் ஒரேயொரு கோழி வைத்திருந்தாலும் 2024 ஒக்ரோபர் 1ஆம் திகதிக்குள் அரசாங்கத்தில் பதியவேண்டுமாம். அம்மாவுக்குப் 'பதிவு' என்ற சொல் பிடிக்காது. விசாவுக்காகக் கொழும்பில் லொட்ஜில் கிடந்த காலத்தில் பொலிசில் பதிந்த துண்டைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு படுத்தவ. "எத்தினை எண்டு கேக்கிறாங்களோ?" என்றா. கேட்கிறார்கள் என்றோம். பழையது ஐந்து, புதுப் பேடு மூன்று. "ஏழெண்டு எழுதுங்கோ. ஒண்டு கணக்கிலை இல்லாமல் இருக்கட்டும்."

கொஞ்சநேரம் கணினிக்கு முன்னால் யோசித்துக்கொண்டிருந்தோம். பிறகு எட்டு என்றே எழுதினோம்.