உட்புற விளிம்பு

மலைநாட்டு வளைவுகளில் சற்று உற்சாகமாகக் கார் ஓட்டுவது என்னிடம் நெடுங்காலமாக உள்ள பலவீனம். வேக எல்லையை மீறுவதைச் சொல்லவில்லை. சுக்கானைத் திருப்பிய கணத்திலேயே முன்சில்லுகள் பணிய வேண்டும் என்ற ஆசையைச் சொல்கிறேன். என்னிடம் இருப்பதோ பழைய கொரோலா 121. குடும்பத்துக்கென ஆக்கப்பட்ட சாதுவான வாகனம்.

இணையத்தில் வாசித்தவை என்னைக் கெடுத்தன. மேலிருந்து பார்க்கையில் முன்சில்லுகள் இரண்டின் முன்பகுதிகளும் வெளிப்புறமாகச் சற்று விரிந்து நின்றால் கார் வளைவுக்குள் விரைந்து திரும்பும் என்றார்கள். 'டோ அவுட்' என்று அதற்குப் பெயர். உண்மைதான். எலைன்மென்ற் செய்யுமிடத்தில் 3 மில்லிமீற்றர் விரித்துவிடச் சொன்னேன். "அண்ணை, ரயரைத் தின்னும்" என்றார் அங்கிருந்த இளைஞர். நான் கேட்கவில்லை. பத்திரிகைக்காரனுக்குத் தான் வாசித்தவற்றின் மீதுள்ள நம்பிக்கை அத்தகையது.

முதல் சில வாரங்கள் இன்பமாகவே கழிந்தன. தெற்கு அதிவேகப் பாதையில் மட்டும் கார் நேர்கோட்டில் நில்லாது அங்குமிங்கும் அலைந்தது. காற்றின் வேலை என்று எண்ணிக்கொண்டேன்.

நான்காவது மாதம். நுவரெலியாவுக்குப் போகும் வழியில் ரம்பொடைக்கு அருகே நல்ல மழை. இடப்பக்க வளைவொன்றில் சுக்கானைத் திருப்பினேன், கார் திரும்பவில்லை. முன்சில்லுகள் வழுக்கியபடி எதிர்த்திசைப் பாதைக்குள் எம்மை இழுத்துச் சென்றன. மேலிருந்து பேருந்து ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதன் சாரதி உரிய கணத்தில் பிரேக்கை அழுத்தியிராவிட்டால் இதனை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. நுவரெலியா போய்ச் சேரும்வரையிலும் பேசவில்லை.

மறுநாள் காலை காரின் கீழே குனிந்து பார்த்தேன். முன்ரயர்களின் வெளிப்புறம் புதிதுபோல் இருந்தது. உட்புற விளிம்பிலோ நீரை வெளியேற்றும் பள்ளங்களே இல்லை, மொட்டை. விரிந்து நின்ற சில்லுகள் நேர்ப்பாதையிலும் பக்கவாட்டில் உரசியபடியே உருண்டிருக்கின்றன. நின்றபடி பார்ப்பவனின் கண்ணுக்கு அந்த விளிம்பு படுவதேயில்லை.

கொழும்பு திரும்பியதும் அதே இளைஞரிடம்தான் போனேன். அவர் கணினித் திரையைத் தொடவேயில்லை. முதலில் காற்றை அளந்தார். பின்னர் சுக்கானோடு சில்லுகளை இணைக்கும் தண்டுகளின் மூட்டுக்களை ஆட்டிப் பார்த்தார். மூட்டுத் தளர்ந்திருந்தால் திரையில் தெரியும் எண்ணுக்குப் பொருளில்லை என்றார். என்னைச் சாரதி ஆசனத்தில் அமர்த்திவிட்டே அளவெடுத்தார். டோ பூச்சியமாயிற்று. நான் விரும்பிய பிடிமானத்தை வேறு வழியில் தந்தார்: சில்லின் மேற்பகுதியை உட்புறமாகச் சாய்ப்பது. இது கேம்பர். வளைவில் காரின் உடல் வெளிப்புறம் சரிகையில் வெளிச்சில்லும் அதனோடு சாயும். முன்கூட்டியே உட்சாய்வு இருந்தால் அவ்வேளையில் ரயர் தரையில் முழுதாகப் படியும். இந்தக் காரில் அதற்கெனத் தனித் திருகாணி போட வேண்டும். இருபுறமும் சமமாக 1 பாகை. அதற்கு மேல் தெருவுக்கு வேண்டாம் என்றார். பின்சில்லுகளை ஒரே குறுக்குச்சட்டம் பிணைத்திருப்பதால் அங்கே திருத்த எதுவுமில்லை.

காற்று விடயத்தில் நானும் தேர்ச்சி பெற்றுவிட்டேன். என் காரின் கதவோர அட்டையில் உள்ள 220 கிலோபாஸ்கல் ஏறத்தாழ 32 பீஎஸ்ஐ. பின்புறத்துக்கு அதுவே. எஞ்சினின் பாரம் முன்னே இருப்பதால் முன்புறத்துக்கு 34. வளைவில் ரயரின் பக்கச்சுவர் மடிவது குறைகிறது. கூட்டிக்கொண்டே போனால் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். அளப்பது ஓடுமுன்னர், ரயர் குளிர்ந்திருக்கையில். ஓடிய சூட்டில் 4 வரை ஏறிவிடும். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுவோர் பலர். ஒரு வேடிக்கை: நுவரெலியாக் குளிரில் காற்றமுக்கம் குறையும் என்று நினைப்போம். ஆனால் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கமும் குறைவதால், கொழும்பில் காட்டிய எண்ணையே அளவுமானி அங்கும் ஏறக்குறைய காட்டுகிறது.

இப்போது மலைக்குப் புறப்படுமுன் சுக்கானை ஒருபுறம் முழுதாகத் திருப்பிவிட்டு, ரயரின் உட்புற விளிம்பை விரல்களால் தடவிப் பார்க்கிறேன். அது முடியும்வரை மனைவி காரில் ஏறுவதில்லை.